புத்தம் புதுக் குப்பை

"இன்னைக்கு என்ன பெருசா கிழிச்சே?" என்று மாலையில் அவள் புருஷன் கேட்பான். மற்ற வீடுகளில் சண்டைக்கு இழுக்கிற கேள்வி அது. அவர்கள் வீட்டில் அது வெறும் நலம் விசாரிப்பு. அவள் வேலையே கிழிப்பதுதான்.

"மழைக்கோட்டு. அப்புறம் குழந்தைங்க செருப்பு. கை விட்டுப்போச்சு" என்பாள்.

பெரிய சாலையின் ஓரத்தில், ஜன்னலே இல்லாத ஒரு கிடங்கில் அவளுக்கு வேலை. போனில் பார்த்து வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிற பொருளெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். அளவு சரியில்லை, நிறம் படத்தில் பார்த்த மாதிரி இல்லை, மனசு மாறிவிட்டது, சும்மா. காரணம் எதுவானாலும் ஒன்றுதான். பெல்ட்டில் வரும் பெட்டியைச் சிலர் பிரிப்பார்கள். கருவியால் பெட்டியின் பார்கோடைத் தொட்டுப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் மறுபடி விற்பனைக்குப் போகும். சிவப்பு எரிந்தால் அவள் மேசைக்கு வரும். பெரும்பாலும் சிவப்புதான் எரியும்.

வேலையில் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்த சட்டையைப் பிரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி உறையில் போட ஆகும் கூலியைவிட, எங்கேயோ ஒரு தேசத்தில் புதுச் சட்டை தைத்துக் கப்பலில் கொண்டுவருவது மலிவு. மலிவு விலைக்குத் தள்ளிவிட்டால் புதுசை யார் வாங்குவார்கள்? சும்மா கொடுத்தால் கம்பெனியின் பேர் என்ன ஆவது? "அதனால யாருக்கும் உதவாதபடி ஆக்கணும். அதுதான் உங்க வேலை" என்றார்.

துணியென்றால் குறுக்கே இரண்டு கிழி. செருப்பென்றால் அடியை அறுக்க வேண்டும். மின்சாரப் பொருளென்றால் ஒயரை வெட்டிவிட்டுச் சுத்தியலால் முகத்தில் ஒரு போடு. முதல் வாரம் விலைச்சீட்டுக்கூட எடுக்காத ஒரு சின்னக் கவுனை அறுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. கை சுத்தமாக ஓடியதைப் பார்த்து மற்றவர்கள் 'கத்தரி' என்று பேர் வைத்தார்கள்.

கிழித்ததெல்லாம் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்குப் போகும். நிலக்கரி விலை ஏறியதிலிருந்து சூளைக்காரருக்கு இதுதான் விறகு. செருப்பின் அடி எண்ணெய் மாதிரி எரியும். செயற்கைத் துணி நின்று எரியும். பேப்பரில் இதற்கு 'மறுபயன்பாடு' என்று பேர். அவள் புருஷன் அந்தச் சூளையில் நெருப்புக்காரன். சூளையின் மேலே நடந்து, குழிகளின் இரும்பு மூடியை நீளக் கம்பியால் தூக்கி, உள்ளே அள்ளிப் போடுவான்.

"நீ கிழி, நான் எரிக்கிறேன். ஆளுக்கொரு கை பார்த்தா நம்ம குடும்பம் எங்கயோ போயிடும்" என்று ஆரம்பத்தில் அவன் சிரித்ததுண்டு.

சூளைக்குப் பின்னால் ஆட்களுக்கென்று கட்டின வரிசை அறைகளில் ஒன்றில்தான் குடியிருந்தார்கள். சூளையில் வேலை இருக்கும்வரை அறையும் இருக்கும். கொடியில் காயப்போட்ட துணியில் கருப்புப் பொட்டுகள் விழும். பெண்கள் மறுபடி அலசுவார்கள். ரப்பர் கருகும் வாடை சோற்றிலும் இருக்கும், தலையணையிலும் இருக்கும்.

இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரே மகளுக்கு அப்பா வைத்த பேர் வாயாடி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தால் சாப்பாடு வரைக்கும் நிறுத்தாது. அந்தப் பெண்தான் பேச்சை அளந்து பேச ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, தோளைத் தூக்கி மூச்சை இழுத்து, மீதியைச் சொல்வாள். கொஞ்ச நாளில் மீதியைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்று கையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். வீடு எங்கே என்று விசாரித்தார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்ட மாத்துங்க. அது முடியலன்னா ஒரு ரூமை நல்லா அடைச்சு, காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கி வைங்க. மருந்து நான் குடுப்பேன். ஆனா நீங்க தினமும் நெருப்பைக் குடுத்தா என் மருந்து என்ன பண்ணும்?"

வீட்டை மாற்றினால் வேலை போகும். மெஷினோ அவர்கள் கைக்கு எட்டுகிற பொருள் இல்லை. 

அதற்குப் பிறகு ஒரு நாள், பெல்ட்டில் வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள் வந்தன. அவள் ஒன்றைப் பிரித்தாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு மெஷின். பெட்டியின் மேல் ஒரு குழந்தை கண்ணை மூடிச் சிரித்தபடி மூச்சை இழுக்கிற படம். படத்தில் இருந்த வெள்ளையும் மெஷினின் வெள்ளையும் ஒன்றாக இல்லையென்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏற்கெனவே கருவி தொட்டாயிற்று. சிவப்பும் எரிந்தாயிற்று.

அவள் சுத்தியலை எடுக்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், இதுல ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடுங்க. சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"பிடிக்க முடியாதும்மா. அது கழிச்சாச்சு. இல்லாத பொருளுக்கு நான் எப்படி பில் போடுறது?"

"கண்ணு முன்னால இருக்கே சார்."

"கம்ப்யூட்டர்ல இல்லையே."

"என் பொண்ணுக்கு மூச்சு விட முடியல சார்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் உண்டு. கூரையிலிருந்த கேமராவை ஒரு முறை பார்த்தார். வேறு ஏதோ தேசத்தில் யாரோ ஒருவர் அதன் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கிடங்கில் பேச்சு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் வேலைக்கும் சேர்த்து உலை வெச்சுடாதீங்கம்மா. போங்க. அடுத்த லோடு வந்து நிக்குது."

அவள் மேசைக்குத் திரும்பினாள். சுத்தியலைத் தூக்கினாள். ஒவ்வொன்றாக முகத்தை உடைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் மட்டும் சுத்தியல் முகத்தில் விழாமல் ஓரத்து ஓட்டில் விழுந்தது. ஓடு விரிந்ததே தவிர உள்ளே எதுவும் அசையவில்லை. ஒயரையும் முனைப்பக்கமாகப் பார்த்து வெட்டினாள். அதன் கழுத்தில் சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றி மற்ற உடைசல்களோடு தள்ளிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு லோடுல சிவப்பு டேப் சுத்தி ஒரு மெஷின் வருது. எரிச்சிடாத."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான். அப்புறம் "லாரி எப்பக் கிளம்புது?" என்று கேட்டான்.

சாம்பல் மூட்டைக்கு அடியில் வைத்துக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான். புது ஒயர் முடிந்து, பிளக்கைச் செருகியதும் நீல விளக்கு எரிந்தது. ஜன்னல் இடுக்கிலும் கதவிடுக்கிலும் ஈரத்துணியை அடைத்தார்கள். மகள் மெஷினுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு அதற்கு முகம் காட்டிப் படுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, வாசனையே இல்லம்மா!"

காற்றுக்கு வாசனை இருக்கக் கூடாது என்பது அந்தக் குழந்தைக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகழுவப் போனான்.

வரிசை அறைகளில் ரகசியம் தங்காது. எதிர் அறை அக்கா இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கவில்லை. "இவனைக் கொஞ்ச நேரம் உள்ள படுக்க வைக்கட்டுமா? அழுது அழுது மூச்சு முட்டுது" என்றாள். அடுத்த நாள் இன்னொருத்தி வந்தாள். ஒரு வாரத்தில் அந்த அறை பிள்ளைகளால் நிறைந்துவிட்டது. தாய்மார்கள் முறை வைத்துக் கதவைக் காத்தார்கள். "கதவைச் சாத்து!" என்பதுதான் அந்த வரிசையில் அதிகம் கேட்கிற பேச்சாயிற்று. யாரும் யாரிடமும் போட்டுக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய தள்ளுபடி வந்தது. உலகம் பூராவுக்கும் ஒரே நாளில். எல்லார் போனிலும் ஒரே விளம்பரம்: வாங்குங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள், ஏன் என்று கேட்கவே மாட்டோம். எதிர் அறை அக்காகூட ஒரு கைப்பை வாங்கினாள். "எங்க போறதுக்குக்கா?" என்று அவள் கேட்டதற்கு, "போறதுக்கா வாங்கினேன்? வெச்சுக்கத்தான்" என்று சிரித்தாள்.

வாங்கின வேகம் திரும்பி வந்த வேகத்தில் தெரிந்தது. கிடங்கில் பெட்டிகள் கூரை வரை ஏறின. இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தும் குறையவில்லை. அவள் கை வீங்கியது. சூளை முற்றத்தில் கோட்டும் செருப்பும் பொம்மையும் குன்றாகக் குவிந்தன. மழை வருவதற்குள் எரித்துத் தீர்க்கச் சொன்னார்கள். பட்டப்பகலில் சூரியன் பழுப்பாகத் தெரிந்தது. அறையில் மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை நீல விளக்கு போய்ச் சிவப்பு விளக்கு வந்தது. மெஷின் நின்றுவிட்டது.

அவன் பின்பக்கத்தைக் கழற்றினான். காற்றை வடிகட்டுகிற, மடிப்பு மடிப்பான வெள்ளைப் பில்டர் தார் பூசினதுபோல் ஆகியிருந்தது. "ஐயோ, இத்தனையும் நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குப் போயிருக்குமே" என்றாள் எதிர் அறை அக்கா. தட்டினார்கள், கழுவினார்கள், காய வைத்தார்கள். மறுபடி மாட்டினால் சிவப்பு விளக்குதான். புதுப் பில்டர் இல்லாமல் ஓடக் கூடாதென்று உள்ளே ஏதோ வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

கம்பெனி நம்பருக்குப் போன் செய்தாள். பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகு ஒரு பையன் பேசினான்.

"அந்த மாடல் நிறுத்திட்டாங்க மேடம். புது மாடல் வந்திருக்கு. இப்ப ஆஃபர்ல இருக்கு."

"பில்டர் மட்டும் போதும் தம்பி."

"அந்த பில்டர் ஸ்டாக் எல்லாத்தையும் கடைங்கள்லேர்ந்து திரும்ப எடுத்துட்டாங்க மேடம்."

"எடுத்து எங்க அனுப்பினாங்க?"

"அது எங்களுக்குத் தெரியாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவனுக்குத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியும். திரும்ப எடுத்ததெல்லாம் எங்கே வருமென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே கிழித்தாள். மகள் பாயில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

வந்தது. ஒரு பெரிய மரத்தட்டு நிறையப் பில்டர். உறைகூடப் பிரிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நடந்து போனார். அவள் கட்டரை எடுத்து, ஒவ்வொன்றின் வெள்ளை மடிப்பையும் மேலிருந்து கீழே கீறினாள். ஒவ்வொரு கீறலுக்கும் வரிசை அறைகளில் ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தது. கடைசியில் ஒன்றைக் கீறாமல் கழிவறைக்குக் கொண்டுபோய், சட்டத்தைப் பிரித்து, மடிப்புத் தாளை வயிற்றில் சுற்றி மேலே சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

தாள்தானே, வாசலில் ஆட்களைச் சோதிக்கிற கருவி கத்தாது என்று நினைத்தாள். ஆனால் தாளின் ஓரத்தில் அரிசிமணி அளவுக்கு ஒரு சில்லு ஒட்டியிருந்தது. புதுப் பில்டர்தானா என்று காற்று மெஷின் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். வாசல் அலறியது.

காவலுக்கு நின்ற பெண் தினமும் அவளைத் தடவிப் பார்த்து அனுப்புகிறவள்தான். வயிற்றில் கை பட்டதும் தெரிந்துவிட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணே?" என்றாள் மெதுவாக. "கேமரா ஓடுதே. நான் என்ன பண்ணட்டும்?"

சூப்பர்வைசர் வந்தார். தாளை மேசையில் விரித்தார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், போலீஸ்ல குடுங்க, என்ன வேணா பண்ணுங்க. அதை மட்டும் கிழிக்காதீங்க. யார் கையிலயாவது என் வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு சார்."

"எழுந்திரிங்கம்மா" என்றார்.  கட்டரை எடுத்தார். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. கோணலாக இழுத்தார், தாள் சுருண்டது, மறுபடி இழுத்தார். கிழித்து முடித்ததும் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். போலீசுக்குப் போகவில்லை. அதுதான் அவரால் முடிந்தது.

பகல் வெயிலில் நடந்து வந்தாள். வரிசை அறைகளுக்கு முன்னால் பெண்கள் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எதிர் அறை அக்காவின் மடியில் மகள் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. அவள் கூப்பிடக் குரலெடுப்பதற்குள் சூளை மேலிருந்து புருஷன் கம்பியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். கரி படிந்த கையோடு மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினான். செங்கல் ஏற்றிப் போன ஒரு வண்டியை மறித்து ஏறினார்கள்.

டாக்டரம்மா மூக்கில் ஆக்ஸிஜன் மூடியை வைத்து, ஊசி போட்டு, பக்கத்திலேயே நின்றார். வெகு நேரத்துக்குப் பிறகு குழந்தையின் உதட்டில் நிறம் வந்தது.

"பொழைச்சிடுச்சு" என்றார். அப்புறம் இருவரையும் வெளியே கூப்பிட்டார். "திரும்பவும் அங்கேயே கூட்டிட்டுப் போறதா இருந்தா ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த தடவை இவ்வளவு தூரம் கொண்டு வந்து சேர்க்க உங்களுக்கு நேரம் இருக்காது."

மறுநாள் தாய்மார்கள் எல்லோரும் சூளை மேனேஜரின் அறைக்குப் போனார்கள். அவள்தான் பேசினாள்.

"அந்தக் குப்பையை மட்டும் போடாதீங்க. விறகு போடுங்க, உமி போடுங்க, எது வேணா போடுங்க."

"விறகு எங்கம்மா இருக்கு? மரம் இருந்த இடத்துலதான் உங்க குடோனைக் கட்டியிருக்காங்க" என்றார் மேனேஜர். "நான் எரிக்கலன்னா அடுத்த சூளைக்காரன் எரிப்பான். புகை இங்க வராம எங்க போகும்? சரி, இந்தக் கல்லெல்லாம் யாருக்குன்னு நினைச்சீங்க? பக்கத்துலயே இன்னொரு குடோன் வருது. இதைவிடப் பெருசு. எல்லாம் அவங்க ஆர்டர்தான். நிறுத்துன்னா நான் எதை நிறுத்துறது?"

பிறகு வாசலில் நின்ற நெருப்புக்காரனைப் பார்த்தார். "குழியெல்லாம் அணையப் போகுது. வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு சீக்கிரம் மேல ஏறு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். அவள் வேலை போய்விட்டது. இருக்கிற அறையும் சாப்பாடும் ஆஸ்பத்திரியும் இனி அவன் ஒருத்தன் கையில். துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு படியேறினான். கொஞ்ச நேரத்தில் குழி மூடி தூக்குகிற சத்தம் கேட்டது. எதிர் அறை அக்கா மண்ணை வாரித் தூற்றப் போனவள், பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்தினாள்.

இரண்டு நாள் அவள் ஆஸ்பத்திரியில் மகளின் பக்கத்திலேயே கிடந்தாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க அக்காகிட்ட பேசினேன். கடற்கரை ஊரு. நல்ல காத்து. புள்ளையை அனுப்பி வைங்கடா, நான் பார்த்துக்கிறேன்னுச்சு."

"நாம?"

"அங்க நமக்கு என்ன வேலை இருக்கு? அது வீட்டுலயே இடம் கிடையாது."

பஸ் நிலையத்துக்கு நாத்தனார் நேரில் வந்து கூட்டிப்போனாள். மகள் அழவில்லை. அழுதால் மூச்சு முட்டுமென்று அதற்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் நகர்ந்தபோது அவள் கூடவே ஓடினாள். எங்கேயாவது நிறுத்தி இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்த மாதிரி ஓடினாள். புருஷன் பின்னால் வந்து பிடித்துக்கொண்டான்.

அவளுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. திருடி என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே எல்லா வாசலுக்கும் போய்விட்டிருந்தது. கடைசியில் சூளை முற்றத்திலேயே சேர்ந்தாள். எரியாத ஜிப்பு, கொக்கி, இரும்பையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு மீதியை மேலே அனுப்புகிற வேலை. குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கப் பிடுங்கினாள். மெஷினையும் ஒரு நாள் அவர்களே அந்தக் குவியலில் கொண்டு வந்து போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. குரல் தெளிவாக இருந்தது. கடலைப் பற்றி, அத்தை வீட்டுப் பூனையைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவள் முற்றத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்மா, அத்தை எனக்குப் புது ஷூ வாங்கினாங்க. போன்லயே. ஆனா பெருசா இருக்கு."

"ம்."

"பரவாயில்லையாம். அத்தை சொன்னாங்க, திருப்பி அனுப்பிடலாமாம். காசு கூடக் கேட்க மாட்டாங்களாம். நாளைக்கு ஆளு வந்து எடுத்துக்கிட்டுப்…"

"அனுப்பாத!"

அவள் போட்ட சத்தத்தில் முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அனுப்பாதடி! உள்ள துணி வெச்சுப் போட்டுக்க. வளந்தா சரியாயிடும். அத்தைகிட்டப் போனைக் குடு. அனுப்பக் கூடாதுன்னு சொல்லு. கால்லேர்ந்து கழட்டாத. கேக்குதா? கழட்டாத!"

மறுமுனையில் மகள் பயந்து அழ ஆரம்பித்தாள். "நான் என்னம்மா பண்ணேன்?" என்று அழுதாள்.  மேலேயிருந்து புருஷன் இறங்கி வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு, "ஒண்ணுமில்லடா வாயாடி, அம்மாவுக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு, அதான்" என்று சொல்லிக்கொண்டே சுவரோரமாக நடந்தான். கொஞ்சம் பேசினான். இருமல் வந்தது. போனைப் பொத்திக்கொண்டு இருமினான். மறுபடி பேசினான்.

முற்றத்தில் அடுத்த லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கதவைத் திறந்ததும் செருப்புகள் சரசரவென்று கொட்டின. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் எழுந்து குன்றை நோக்கி நடந்தாள்.